யார் வயல் வழியாக என்று கேட்டவர்

சுசீந்திரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது செல்லப்பன் அண்ணன் போன் செய்தார். "மக்கா, நம்ம ஸ்டெல்லா போயிட்டா." மறுநாள் அடக்கத்துக்குப் பூதப்பாண்டிப் பக்கமிருந்து இரண்டு வேன்களில் கடியப்பட்டணம் போனோம். மாதா கோயில் முற்றத்தில் திருநீறு பூசி நின்ற எங்களைப் பார்த்து, "நீங்க அவளுக்கு யாரு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "நாங்க அவங்க குளத்துக்காரங்க" என்றார் செல்லப்பன் அண்ணன்.

சுனாமிக்குச் சில வருடங்களுக்குப் பின் குளச் சீரமைப்புத் திட்டத்தின் அலுவலராக ஸ்டெல்லா எங்கள் ஊருக்கு வந்தபோது, குளப் பாதுகாப்புச் சங்கம் பெயருக்குத்தான் இருந்தது. எங்கோ வரைந்த திட்டப்படி, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையை உயர்த்திக் கட்டியதில், வாய்க்காலின் கடைசியிலிருந்த எங்கள் கடைமடை வயல்கள் காய்ந்தன. குளத்தை ஒட்டி வயல் வைத்திருந்த மேல்மடைக்காரர்கள்தான் அதற்குச் சம்மதித்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்தோம். கல்யாண வீட்டில்கூட ஒரே பந்தியில் உட்காருவதில்லை.

அவருடைய முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் சிலரே. எங்கள் கடைமடைச் செல்லப்பன் அண்ணன் எழுந்தார். "போன தடவையும் இப்படித்தான் வந்தாங்க. டீ தந்தாங்க, கையெழுத்து வாங்கினாங்க. நீயும் அதுக்குத்தான் வந்தியாம்மா?"

"நான் டீகூட கொண்டு வரலையே அண்ணாச்சி" என்றார் ஸ்டெல்லா. சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "அலை அடிச்ச பொறவு எங்களுக்கும் வீடு கட்டித் தந்தாங்க. வலைய எங்க வைப்பியன்னு ஒருத்தரும் கேக்கல. எங்க அப்பா வலைய வாசல்ல போட்டுட்டு மழையில காவலிருந்தாரு. நான் உங்களுக்கு வரைஞ்சு தர வரல, கேக்க வந்திருக்கேன்."

கேட்டார். ஒரு வாரம் மேல்மடையில், மறுவாரம் கடைமடையில், நடவு முடிந்து பெண்கள் கரையேறும் நேரத்தில். பிறகு ஒரு நாள் கரையில் எல்லோரையும் கூட்டி, களிமண்ணால் குளத்தைச் செய்யச் சொன்னார். சண்டையோடு சண்டையாக மடையும் வாய்க்காலும், மிகுதித் தண்ணீர் வெளியேறும் மறுகாலும் உருவாயின. அந்தக் களிமண் மடையின் உயரத்தை இரு தரப்பும் சேர்ந்து குறைத்தார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "பெருமழையில கரை தாங்காதுன்னா, தண்ணிய யாரு வயல் வழியா விடுவிய?"

அப்படி எங்களிடம் யாரும் கேட்டதில்லை. ஸ்டெல்லா காத்திருந்தார். கடைசியில் மேல்மடை ஆறுமுகம் அண்ணாச்சி, நாங்கள் முகம் கொடுத்துப் பேசாத மனிதர், குனிந்து மறுகால் ஓரத்தில் விரலால் ஒரு கோடு கிழித்தார். "என் வயல்தான் தாழ கிடக்கு. இதுவழி விடுங்கோ. ஆனா மறுநடவுக்கு நாத்து ஊரே தரணும்."

ஸ்டெல்லாவின் மேலதிகாரி அந்தக் கோட்டை ஏற்கவில்லை. வேறு படம் வரைந்து தரச் சொன்னார். "அவங்க போட்ட கோட்ட நான் அழிச்சா, இனி யாரு கூப்பிட்டாலும் வரமாட்டாங்க சார்" என்றார் ஸ்டெல்லா. ஒரு பூ, ஒரு சாகுபடிக் காலம் முழுவதும் வேலை நின்றது. எங்களில் சிலர் அவரை ஏசினோம். அவர் பஸ் ஏறி வந்துகொண்டேயிருந்தார். கடைசியில் அந்தக் கோட்டோடு, நாங்கள் களிமண்ணில் செய்த மடைதான் வந்தது.

அடுத்த கும்பப்பூ சாகுபடியில், நட்ட பயிர் வேர் பிடிக்கும் முன்னே மழை கொட்டியது. விடியும்போது கரை கசிந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள், ஆறுமுகம் அண்ணாச்சி மண்வெட்டியோடு மறுகால் ஓரத்தில் நின்றிருந்தார். முதல் வெட்டை அவரே வெட்டினார். தண்ணீர் அவருடைய பச்சை வயலை மூடிக்கொண்டு ஓடைக்குப் பாய்ந்தது. கரை நின்றது. செல்லப்பன் அண்ணன் சேற்றில் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் வடிந்ததும் கடைமடையிலிருந்து நாற்றுக்கட்டுகள் போயின. வரப்பில் நின்ற ஸ்டெல்லாவிடம், "எல்லாம் உங்களாலதான்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. "அப்படிச் சொல்லாத தம்பி. வயல முக்கினது நானா?"

அவர் எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக வருவார். கடைசி ஆளாகத்தான் பேசுவார். இப்போது சங்கத் தலைவர் நான். அவரை அடக்கம் செய்த வாரம் சங்கக் கூட்டம் இருந்தது. "நீ சொல்லுடே" என்றார்கள். எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் காத்திருப்பைத்தான்.