லாரியில் தூங்கிப்போனவள்

கிளாஸ்கோவில் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே என் கதவுப் பிடியில் ஓர் அட்டை தொங்கியது. இந்த வாரம் படிக்கட்டு கழுவுவது உங்கள் முறை என்று அதில் அச்சடித்திருந்தது. இங்கே பழைய அடுக்குவீடுகளில் அதுதான் வழக்கமாம். கழுவி முடித்தவர் அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? கறுப்பாக ஒருத்தி வந்து படியை அழுக்காக்குகிறாள் என்று யாரோ குத்திக்காட்டுவதாகத்தான் நினைத்தேன். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அட்டையைக் கழற்றிக் கீழ்வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு, நர்ஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை கீழ்வீட்டுக்காரர் அந்த அட்டையோடு மேலே வந்து நின்றார். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். பாதி வார்த்தை எனக்குப் புரியவில்லை. நானும் சும்மா விடுவேனா, ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, அவரைவிட உரக்கக் கத்தினேன். அந்த மனிதர் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. “அப்பாடா, இந்தக் கட்டடத்தில் ஒருத்தர் பேசுவது எனக்குக் காதில் விழுகிறது!” என்றார். அவர் சண்டை போட வரவில்லை, படி கழுவும் வாளி எங்கே இருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறார். பெயர் ஜிம். கோவன் என்கிற இந்தப் பேட்டையில் கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் இரும்பு வேலை பார்த்துப் பார்த்துக் காது போனவர்.

அந்தச் சத்தம் எனக்கு ஒன்றும் புதிதில்லை. என் அப்பாவும் அப்படித்தான் பேசுவார். என் ஊர்ப்பக்கம், பேராக்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சித்தியவானுக்கும் ஆயர் தாவாருக்கும் நடுவில் இருந்தது எங்கள் தோட்டம். பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். பால் வெட்டியவர்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்பாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, அதாவது இந்த மண்ணிலேயே பிறந்தும் குடிமகன் ஆகாதவர். அரசாங்க வேலை கேட்டுப் போக வழியில்லை. ஆற்றுமுகத்தில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், சின்னதாகக் கப்பல் பட்டறை வைத்திருந்தார். தொங்காங் என்கிற சரக்குப் படகு, ஃபெரி என்று இரும்பிலே கட்டுவார்கள். எங்கள் லயத்து வரிசைவீட்டு ஆண்கள் அங்கே துரு தட்டவும் சாயம் பூசவும் போனார்கள். விடிவதற்கு முன்னால் ரப்பர்க் காட்டில் பெரட்டு எடுக்கும்போது வரிசையில் நின்று பேர் கொடுத்துப் பழகியவர்கள், பட்டறை வாசலிலும் அதே மாதிரி வரிசையாகப் போய் நின்றார்களாம். தவுக்கே காரணம் புரியாமல், இவர்கள் ஏதோ வேலைநிறுத்தம் செய்யப்போகிறார்கள் என்று பயந்துவிட்டாராம். இதை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். காட்டில் பத்து வரிசை தள்ளி நிற்கிறவன் முணுமுணுத்தாலும் கேட்ட மனிதர், ரெண்டே வருஷத்தில் பக்கத்தில் இருக்கிற அம்மாவிடமே கூவ ஆரம்பித்தார். அவரோடு சேர்ந்து நாங்களும் கூவினோம். ஊரில் எங்களைச் சண்டைக்கார வீடு என்பார்கள்.

ஆகவே ஜிம்மோடு எனக்கு ஒட்டிக்கொண்டது. என் பெயர் மல்லிகா, அவர் வாயில் அது மோலி ஆகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் படிக்கட்டில் நின்று பேசியிருக்கிறோம். நான் அப்பா கதையைச் சொல்ல, அவர் அதே பட்டறையில் வேலை பார்த்த தன் அப்பா கதையைச் சொல்ல, அவர் கை கழுவும் சோப்பின் எலுமிச்சை வாசமும் இரும்பு வாசமும் சேர்ந்து வரும். அந்த வாசம் வந்தால் எனக்குக் காரணமில்லாமல் அழுகை முட்டும். ஏன் என்று யோசித்ததே இல்லை.

போன வருஷம் எங்கள் பகுதி நூலகத்தில் கப்பல் கட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் சிறுவயது ஞாபகங்களைச் சொல்லுங்கள், ஒலிப்பதிவு செய்து கண்காட்சியில் வைக்கிறோம் என்றார்கள். எந்த நாட்டுப் பட்டறையாக இருந்தாலும் சரியாம். நான் போய் உட்கார்ந்து சொன்னேன். அப்பா வேலை செய்த ஃபெரி எங்கள் குசினி ஜன்னலுக்கு நேரே ஒரு வருஷம் நின்றது, பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் அம்மா சமைத்தாள். அது ஆற்றில் இறங்கிய அன்று அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் குசினி முழுக்க வெயில். அம்மாவால் அந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கப்பல் போனால் வேலையும் போய்விட்டது என்று அர்த்தம். அவள் மேசை விரிப்பை எடுத்து ஜன்னலை மூடினாள். இவ்வளவும் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. ஒலிப்பதிவு செய்த பெண்ணும் மூக்கை உறிஞ்சினாள்.

ஒரு மாதம் கழித்து ஜிம்மின் மகள் எலைன் என் கதவைத் தட்டினாள். அவள் வேறு ஊரில் இருக்கிறாள். ஜிம்முக்கு மறதி நோய் முற்றி முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகு வாரம் ஒருமுறை வந்துபோகிறாள். வாசலில் நின்றபடியே, “நூலகத்தில் உங்கள் பதிவைக் கேட்டேன். அது என் பாட்டியின் மேசை விரிப்பு” என்றாள்.

“இல்லையே, அது என் அம்மாவுடைய…” என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் மேசையே கிடையாது. தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

“பச்சைக்கரை போட்டது. இப்போதும் என்னிடம் இருக்கிறது,” என்றாள் எலைன். “பாட்டி ஒரு வாரம் அதை ஜன்னலில் மாட்டியிருந்ததாக என் அத்தை சொல்வாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.” அவள் கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அழுதாள். “அப்பா எங்களிடம் எதுவுமே சொன்னதில்லை. உங்களிடம் சொல்லியிருக்கிறார். இனி அவரைக் கேட்கவும் முடியாது. அவருடையது இன்னும் என்னென்ன உங்களிடம் இருக்கிறது? எழுதிக் கொடுப்பீர்களா?”

சரி என்றேன். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐயோ, எதை எழுதுவது? வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தது யார், அவர் அப்பாவா என் அப்பாவா? சாப்பாட்டுத் தூக்கில் சூடான டீயை ஊற்றிக்கொண்டு ஓடிய பிள்ளை நானா ஜிம்மா? நான் பொய் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெயிலை என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது. அடுத்தவர் அம்மாவை என் அம்மா என்று நாலு பேர் கேட்க அழுதிருக்கிறேனே என்று நினைக்கும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. எலைனுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் என்னுடையது எது என்று எனக்கு முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் மிச்சம். டிக்கெட் எடுத்துப் பேராக்குக்கே, ஈப்போவுக்குப் போனேன்.

என் அக்கா பாக்கியம் அங்கே புந்தோங்கில் இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். “பசியாறிட்டியா?” என்று கேட்டு இட்டிலியைத் தட்டில் போட்டுவிட்டு நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“ஒன்ன தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் கொண்டு போய் விடணும் லா! நம்ம குசினிக்குப் பின்னால செம்பனதானே இருந்துச்சு? பட்டறை எங்க இருக்கு, நம்ம லயம் எங்க இருக்கு? அப்பா லாரியில போவாரு. அங்க நிக்கிற ஃபெரி இங்க எப்படிடி வெளிச்சத்த மறைக்கும்?”

“அப்பா தோள்ல நான் ஒக்காந்திருந்தேன்க்கா.”

“ஒனக்கு அப்ப ஒம்பது வயசு. குண்டு பூசணிக்கா மாதிரி இருப்ப. எவன் தூக்குவான்?”

நான் நம்பாமல் முழித்ததைப் பார்த்து, மறுநாள் தன் மைவி காரில் ஏற்றிக்கொண்டாள். இந்த வயதிலும் லாரிக்காரர்களை ஏசிக்கொண்டே ஓட்டுகிறாள். எங்கள் லயம் இருந்த இடத்தில் ஒரு சுவரும் இல்லை, செம்பனைதான் மூன்றாவது முறையாக நட்டு வளர்ந்து நிற்கிறது. அக்கா ஓர் இடத்தில் போய் நின்று, இதுதான் குசினி, ஆறு அந்தப் பக்கம் என்று கையை நீட்டினாள். எத்தனை கிலோமீட்டருக்குச் செம்பனையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. உச்சிவெயிலில்கூட அங்கே நிழல்தான். அந்தக் குசினிக்குள் எந்தக் காலத்திலும் வெயில் பாய்ந்திருக்க முடியாது.

“அப்ப அன்னிக்கு என்னதான்க்கா நடந்துச்சு?”

அக்கா ஒரு மட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். தண்ணீர் ஏறுகிற நேரத்தில்தான் கப்பலை இறக்க முடியும் என்பதால் விடியலிலேயே எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். தோட்டத்தில் புது லாரியோ டிராக்டரோ வந்தால் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுவது வழக்கம். ஃபெரிக்கும் வைக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்துவிட்டார்கள். அங்கே போன பிறகுதான் ஃபெரிக்குச் சக்கரம் இல்லை என்பது உறைத்திருக்கிறது.

“ஒரே சண்ட. நாலு வைக்கணும்ங்கிறான் ஒருத்தன், எங்க வைக்கிறதுங்கிறான் இன்னொருத்தன். தவுக்கே ஊதுவத்தியப் புடிச்சிக்கிட்டு, ‘வை லா, நெறைய வை, தண்ணி எறங்கிடும்’னு கத்துறாரு. கடைசியில அப்பாதான் சொன்னாரு, வேல செஞ்ச ஆளுக்கு ஒன்னுன்னு அடியில வரிசையா வச்சிருவோம்னு. பழம் பூரா காளியம்மன் கோயில் மரத்துப் பழம். அந்தப் பை ஒங்கிட்டதான் இருந்துச்சு.”

“எங்கிட்டயா? நான் பார்த்தேனா அப்ப?”

“எங்க பார்த்த? தூங்கிட்ட! லாரியில, கோணிச்சாக்கு மேல. எழுப்பி எழுப்பிப் பார்த்தோம், எந்திரிக்கல. பையையும் விடல. அப்பா ஒவ்வொரு பழமா உருவுனாரு. ஒரு பழத்த மட்டும் கையில இறுக்கிப் புடிச்சிக்கிட்ட. வெரல விரிச்சா அழற. அங்க எண்ணிப் பார்த்தா ஒன்னு கொறையுது. ‘என்னுது எம்மவ கையில இருக்கு, இருக்கட்டும்’னுட்டாரு அப்பா. ஃபெரி போனப்புறந்தான் நீ முழிச்ச. வீடு வர்ற வரைக்கும் ஒப்பாரி.”

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. என்னுடைய ஞாபகம் என்று இருப்பது இதுதான், அதுவும் எனக்கு ஞாபகமில்லை. நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்காத அந்த ஓட்டையில்தான் ஜிம்மின் வெயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அக்கா தோளைத் தட்டி, “சரி விடு லா, அப்பவும் இப்படித்தான் அழுத” என்றாள்.

கிளாஸ்கோவுக்குத் திரும்பியதும் நூலகத்தில் உண்மையைச் சொன்னேன். அந்தப் பதிவு இப்போது ஜிம் பெயரில் இருக்கிறது, குரல் மட்டும் என்னுடையது. என் பெயரில் புதிதாக ஒன்று பதிவு செய்தேன். லாரியில் தூங்கிவிட்டேன், கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது, கப்பலைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான். எலைனுக்கு நோட்டில் தெரிந்தவரைக்கும் எழுதிக் கொடுத்தேன். சந்தேகமாக இருந்தவற்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். பாதிக்கு மேல் கேள்விக்குறிதான்.

பிறகு ஜிம்மைப் பார்க்கப் போனேன். அவர் கதையை அவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். “உங்கள் குசினி, ஜிம். உங்கள் அம்மா. பச்சைக்கரை விரிப்பு” என்று காதருகே கத்தினேன். யாரோ அடுத்த தெருக்காரி கதையைக் கேட்பதுபோலக் கேட்டு, “பாவம் அந்த அம்மா” என்றார். “உன் ஊரில் நீங்களெல்லாம் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறீர்கள், மோலி.” வேறு வழியில்லாமல் என் கதையைச் சொன்னேன். லாரி, கோணிச்சாக்கு, விரலை விரிக்காமல் பிடித்துக்கொண்ட பழம், அதற்கு அப்பா சொன்னது. அதைக் கேட்டு ஜிம் பழைய ஜிம்மாக உரக்கச் சிரித்தார். அதற்குப் பிறகு அடிக்கடி அதையே சொல்லச் சொன்னார். நானும் போகும்போதெல்லாம் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் எலைனும் சேர்ந்து போயிருந்தோம். எலைன் அந்த விரிப்பைக் கொண்டு வந்து அவர் மடியில் போட்டாள். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று மகளிடம் பேசினார்.

“கப்பல் போனதை நான் பார்க்கவில்லை, தெரியுமா? லாரியில் தூங்கிவிட்டேன். எழுப்பினார்கள், நான் எழுந்திருக்கவில்லை.” வலது கையை இறுக்கி மூடிக் காட்டினார். “பழம் ஒன்று இருந்தது. என் அப்பா அதை என்னிடமே விட்டுவிட்டார்.”

எலைன் என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் கதை தெரியும். திருத்தட்டுமா என்று நான் வாயைத் திறந்தேன், அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். தன் அப்பா தன்னிடம் சிறுவயதுக் கதை சொல்வதை அவள் முதல்முறையாகக் கேட்கிறாள். அது சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது என்று அந்த நேரத்தில் யார் சொல்வது?

ஜிம் மூடிய கையை விரிக்காமலே என் பக்கம் திரும்பினார். “மோலி, நீ பார்த்தாய் அல்லவா? எப்படி இருந்தது, சொல்.”

நான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, அப்பாவிடம் பேசுகிற அதே சத்தத்தில் சொன்னேன். “வீட்டுக்கு வந்தோம், ஜிம். பார்த்தால் குசினி முழுக்க வெயில்.”