ஒன்பது நாள் பச்சைத் தண்ணீர்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது சலவைக்கூடம். அங்கே உள்ள ஆறு சலவை இயந்திரங்களில் மூன்றாவது அவளுடையது. துணியைப் போட்டுக் கதவைச் சாத்தினால் நாற்பது நிமிடம் அது தன்பாட்டுக்குச் சுழலும். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஊர்வம்பு பேசுவார்கள். அவள் மேல்சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்துக் கவிதை எழுதுவாள். தேதி, இயந்திர எண், எத்தனை துணி என்று மேலே குறித்துவிட்டால்தான் முதல் வரியே வரும். பதினாறு வருஷ வேலைப் பழக்கம், கவிதையிலும் தொற்றிக்கொண்டது. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் புலவரம்மா. கேலிதான். ஆனால் பத்திரிகையில் அவள் கவிதை வந்தால் கத்தரித்துச் சுவரில் ஒட்டுவதும் அவர்கள்தான்.

போன மாதம் வந்த கவிதைதான் வினையாகிப்போனது. பாய்லர் பழுதாகி, நோயாளிகளின் படுக்கை விரிப்புகள் ஒன்பது நாள் வெறும் பச்சைத் தண்ணீரில் நனைந்து கட்டிலுக்குத் திரும்பிய கதை அது. அறுவை நடந்தவர்கள் படுக்கிற விரிப்பு. அப்போதே அவள் வாய்விட்டுச் சொன்னாள், மேற்பார்வையாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அச்சில் வந்ததும் எல்லார் காதிலும் விழுந்தது.

நிர்வாக அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அவளுடைய வேலை ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கிறவர் அவர். கவிதையில் உள்ளதெல்லாம் கற்பனை என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் புதுப்பிப்பாராம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாமாம். ஒரு நாள் அவகாசம்.

அந்த வேலையை வாங்கித் தந்த அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "கை நீட்டிச் சம்பளம் வாங்குற இடத்துல வாய நீட்டலாமா? எழுதிக் குடுத்துட்டுப் போயேன். கவிதைன்னாலே பொய்தானே."

கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கோபம் அதைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

மறுநாள் துணியைப் போட்டுவிட்டு மாடியேறினாள். அதிகாரி வெள்ளைத்தாளை நீட்டி, அவளுக்குத் தெரியாத எழுத்தா, அவள் பாணியிலேயே நாலு வரி எழுதலாம் என்று சிரித்தார். ஒரு கவிஞர் கையில் தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டு, தனக்கு வேண்டியது மட்டும் வந்து விழும் என்று நம்பிய மனிதர்!

அவள் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினாள்.

'ஐயா கேட்டபடி, கவிதையில் உள்ள கற்பனையை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது நாள் என்பது கற்பனை. உண்மையில் பத்தொன்பது நாள். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பத்தைக் குறைத்துவிட்டேன். தேதியும் துணிகளின் எண்ணிக்கையும் கீழே.'

கீழே பத்தொன்பது வரிகள். அதற்கும் கீழே கையெழுத்து.

படித்தவர் முகத்தில் ஈயாடவில்லை. இதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒழுங்காக வேறொன்று எழுதச் சொன்னார். ஒப்பந்தத்தை மறுபடி நினைவூட்டினார்.

"கிழிச்சுக்கோங்க சார், நோட்டு என்கிட்ட இருக்கு" என்று அவள் எழுந்தாள். "நாப்பது நிமிஷம் ஆயிடுச்சு. நான் போய்த் துணிய எடுக்கணும்."