வாசலில் போட்டுவைத்த உடைந்த மெஷின்

பிரிக்பீல்ட்ஸில் நான் மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்த காலம். பக்கத்துக் கொட்டகை மாரிமுத்துவும் பால்காரன்தான். என் புல் நறுக்கும் மெஷினை இரவல் வாங்கிப் போனவன், சக்கரம் உடைந்ததைச் சாக்கால் மூடித் திருப்பி வைத்துவிட்டான். கேட்டால், "முன்னாலயே விரிசல் இருந்துச்சுண்ணே" என்றான்.

பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டுத் தரவா, புதுசு வாங்கிக்கிறியா?" என்றார்.

இரண்டும் வேண்டாம் என்றேன். சரிசெய்துவிட்டால் அவன் செய்ததற்குச் சாட்சி ஏது? மெஷினை வாசலிலேயே போட்டேன். பால் வாங்க வந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். ஒருவர் விடாமல் அவன் பெயரைச் சொன்னேன். அவன் தலைகுனிந்து போவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

மாட்டுக்கு நிறையவில்லை. ரயில் பாதை ஓரம் அறுத்த முரட்டு லாலான் புல்லை, நறுக்காமல் போட்டால் அது முகர்ந்துவிட்டு ஒதுக்கியது. பால் குறைந்தது. வாடிக்கைக்காரர்கள் மாரிமுத்துவிடம் போனார்கள். அவன் தனக்குப் புது மெஷினே வாங்கிவிட்டான்.

"இப்ப யாருக்கு நஷ்டம்?" என்றாள் என் மனைவி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை கொட்டகைக்குள் போனால், மாரிமுத்து என் மாட்டுக்கு நறுக்கிய புல்லை ஊட்டிக்கொண்டிருக்கிறான்.

"சண்டை நமக்குள்ளதானண்ணே. மாடு என்ன பண்ணுச்சு?"

சக்கரத்தைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. மாடு அவன் கையை நக்கியது.

அன்றே மெஷினைப் பட்டறைக்குத் தூக்கிப் போனேன். நான் அவனை மன்னித்துவிட்டதாக ஊர் பேசிக்கொண்டது. அவனையாவது ஒருநாள் மன்னிக்கலாம். அந்த மாட்டை எப்படி மன்னிப்பது?