முனீஸ்வரனை வைத்துப் போட்ட கோடு

ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் வரப்புத் தகராறு என்றால், சர்வேயருக்கு மனு எழுதும் முன்பே மணிவேலைத்தான் கூப்பிடுவார்கள். ஓசூரில் ஒரு தனியார் அளவை அலுவலகத்தில் கணிப்பொறியில் வரைபடம் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் லேப்டாப்பும் கூடவே வரும். ஊர்க்காரர்களுக்கு அவன்மேல் நல்ல நம்பிக்கை. அவனுக்குத் தன்மேல் அதைவிடக் கூடுதல்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த சுவாதிக்கு அவன் பாடம் எடுக்காத நாளில்லை.

"கூகுள் எர்த் பாக்கறதுக்கு நல்லா இருக்கும்மா. பழைய வருசத்துப் படமெல்லாம் காட்டும். அத நம்பி வேலி போட்றாத. ஆட்டோகேட்ல கோடு சுத்தமா வரும், ஆனா அந்தக் கோடு பூமியில எங்க இருக்குதுன்னு நாமதான் அதுக்குச் சொல்லணும். கியூஜிஐஎஸ் சாஃப்ட்வேர் படத்தையும் கோட்டையும் சேர்த்து வெக்கும், காசும் கேக்காது."

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தான். அரசாங்கத்தின் புலப்படத்தை, அதாவது நில எல்லை வரைபடத்தை, செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது, இரண்டிலும் ஒரே இடம் என்று குறிக்கும் புள்ளிகளை மூன்றோடு நிறுத்தக் கூடாது. "மூணு வெச்சா, தப்பா வெச்சாலும் பிழை சைபர்னுதான் காட்டும். நாலாவது, அஞ்சாவது வெச்சாத்தான் குட்டு வெளிய வரும்."

இவ்வளவு பேசியவன்தான், நாராயணப்பன் நிலத்துக்கு மூன்றே புள்ளி வைத்தான்.

நாராயணப்பன் கல்தூண் நட்டு வேலி போட நினைத்தார். பக்கத்து நிலம் முனிலட்சுமியுடையது. தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பம். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிச் சேர்த்த பணத்தில் வாங்கி, ரோஜா வைத்திருந்தாள். அன்று மணிவேலுக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய அவசரம். இரண்டு எல்லைக்கல் கிடைத்தது. மூன்றாவது ரோட்டோரக் கோயிலில் முனீஸ்வரன் காலடியில் இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்பு அடித்த முனீஸ்வரன் திரையில் பளிச்சென்று தெரிந்தார். அவர்மேல் ஒரு சொடுக்கு. பிழை சைபர். கோடு முனிலட்சுமியின் ரோஜாவுக்குள் போய் விழுந்தது.

மறுநாள் காலை பால் சொசைட்டி வாசலில், கேனோடு நின்ற அத்தனை பேர் முன்னாலும் முனிலட்சுமிக்கு லேப்டாப்பைத் திறந்து காட்டினான்.

"அக்கா, தப்பு உங்க பக்கந்தான். ரெண்டு சால் உள்ள வந்திருக்கீங்க."

"கூலிக்காரங்க நெலம் வாங்குனா வரப்பும் கூடவே நடக்கும் போல" என்றார் ஒருவர். சிரித்தார்கள். மணிவேலும் கொஞ்சம் சிரித்தான். முனிலட்சுமி கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அன்று மாலையே, மொட்டு விட்டிருந்த அந்த இரண்டு வரிசைச் செடியையும் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டாள்.

அடுத்த வாரம், பழைய வருடத்துப் படம் பார்ப்பது எப்படி என்று சுவாதிக்குக் காட்டத் தன் ஊரையே எடுத்தான். ஆண்டுகளைப் பின்னால் தள்ளினான்.

"அண்ணா, கோயில் நகருதே?"

நகர்ந்துதான் இருந்தது. கம்பெனி பஸ் போக ரோட்டை அகலப்படுத்தியபோது, ஊரே கூடிப் பூஜை போட்டு முனீஸ்வரனை உள்ளே தள்ளி வைத்தது. அன்று வெட்டிய கிடாவில் மணிவேலும் சாப்பிட்டிருக்கிறான், இரண்டு முறை கேட்டு வாங்கி. சாமி வந்துவிட்டார். எல்லைக்கல் பழைய இடத்தில், தார் ஓர மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

"சேட்டிலைட் படம்மா, கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றான். சொன்ன பொய் அவனுக்கே நாறியது. அவள் போன பிறகு, முனீஸ்வரனின் பழைய இடத்தையும் சேர்த்து ஐந்து புள்ளி வைத்துப் பார்த்தான். பிடுங்கிய இரண்டு சாலும் முனிலட்சுமியின் நிலத்துக்குள்ளேதான் இருந்தன. வெட்கத்தில் உடம்பு கூசியது. மென்பொருள்மேல் பழி போடலாம், படத்தின்மேல் போடலாம் என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. அதை நினைத்தும் கூசினான்.

அன்றைக்கே ஊருக்குப் போனான். முனிலட்சுமி வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். நாராயணப்பனிடம் பேசித் தூண் நடுவதை நிறுத்திவிடுவதாகவும், செடி வாங்கித் தருவதாகவும் சொன்னான்.

அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னீங்களே தம்பி. இன்னிக்கு எதுக்கு இப்படி மெதுவா சொல்றீங்க?"

மடித்த துணியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

விடிந்ததும் பால் சொசைட்டிக்குப் போனான். நாராயணப்பனும் முனிலட்சுமியும் இருந்தார்கள். இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, "முனிலட்சுமியக்கா ஒரு அடிகூட உள்ள வரலைங்க. தப்பா கோடு போட்டது நான்தான்" என்று சத்தமாகச் சொன்னான். எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

முனிலட்சுமி அவனைப் பார்க்கவில்லை. அன்று சிரித்தவர்களின் முகங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.