பேர் சொல்லாமல் வாங்கிய பிட்காயின்

நான் பிட்காயின் வாங்கியவள் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். யாருக்கும் சந்தேகம்கூட வரக்கூடாது என்றுதான் அவ்வளவு பாடுபட்டேன்.

என் மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரர் சொந்தபந்தம் எல்லாரும் பார்க்க நடுவீட்டில் நின்று, "அவளைத் தலை முழுகியாச்சு" என்றார். முழுகியவர் அதோடு விட்டிருந்தால் நானும் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். மனசு கேட்காமல் ஒருமுறை வங்கியிலிருந்து அவளுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினேன். கணக்கு என்னுடையதுதான், அதில் கொடுத்திருப்பது அவருடைய செல் நம்பர். பணம் போய்ச் சேருமுன் செய்தி அவருக்குப் போய்விட்டது. எந்த ஊர், எந்தக் கிளை என்று விசாரித்து இரண்டு காரில் ஆட்களோடு கிளம்பினார். நான் கொல்லைப்புறம் போய் நின்று மகளுக்குப் போன் போட்டு, உடுத்திய துணியோடு கிளம்பு என்றேன். கார்கள் போனபோது வீடு பூட்டிக் கிடந்ததாம். எதற்குப் போனீர்கள் என்று அவரிடம் நான் கேட்டதில்லை. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

அதன்பின் மகள் வாரம் ஒருமுறை, நம்பர் காட்டாத ஏதோ ஓர் ஆப்பில் கூப்பிடுவாள். எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்பதில்லை. அவளே சொல்ல வந்தாலும் வேண்டாம் கண்ணு என்பேன். தெரிந்து வைத்திருந்தால் என்றைக்காவது வாயில் வந்துவிடும். பெற்ற பிள்ளை இருக்கும் ஊரின் பெயரைத் தெரிந்துகொள்ளப் பயப்படும் தாயும் உலகத்தில் உண்டு.

ஒருநாள் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். பார்க்க முடியாத பாவி, செலவையாவது நான் கொடுக்க வேண்டாமா?

கையில் சிறுவாடு இருந்தது. எங்களுக்குச் சூலூர்ப் பக்கம் விசைத்தறி. தறிக்குடோனில் சேரும் கழிவு நூலை மூட்டை கட்டி விற்கிற காசு என்னுடையது. பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த வருஷம், அரிசி டின்னுக்கு அடியில் இருந்ததையெல்லாம் அவர் கையில்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு எரிகிறது. அப்புறமும் சேர்த்தேன். அதை மகளிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

"பேங்க்கே வேண்டாம்மா. பிட்காயினா வாங்கி அனுப்பு. அதுல பேரும் இல்ல, ஊரும் இல்ல" என்றாள் மகள்.

அதையும் கம்பெனி ஆப்பில் வாங்கினால் பான் கார்டு கேட்பார்கள், ஆதார் கேட்பார்கள், முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் படம் எடுப்பார்கள், கடைசியில் பணம் அதே வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். அதனால் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு நேரில் காயின் கொடுக்கிற ஆள் ஒருவரை அவளே இணையத்தில் தேடிப் பிடித்தாள். என் செல்லில் பணப்பை மாதிரி ஓர் ஆப்பை ஏற்ற வைத்தாள். செல் தொலைந்தால் பணத்தை மீட்கப் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் வந்தன. எங்கும் எழுதி வைக்காதே, மனப்பாடம் செய் என்றாள். பாத்திரம் விளக்கும்போதெல்லாம் முணுமுணுத்துப் பழகினேன். என்ன மந்திரம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். புதுசா ஒரு ஸ்லோகமுங்க என்றேன்.

கிளம்புமுன் மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள். முகத்துக்கு மாஸ்க் போடு. தறிக்குடோன் பெயர் அச்சடித்த பையை எடுத்துப் போகாதே. பேரைக் கேட்டால் சொல்லாதே. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

காந்திபுரத்தில் ஒரு பேக்கரி. திருட்டு முழியோடு ஒருவன் வருவான் என்று நினைத்திருந்தேன். தேய்த்த வெள்ளைச் சட்டையில், சீர் கொண்டுவந்தவர் போல ஒருவர் வந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். பணத்தை மேஜைக்கு அடியில் எண்ணிக்கொண்டார். என் செல்லில் இருந்த கட்டம் கட்டமான படத்தைத் தன் செல்லால் பிடித்தார். "அனுப்பீட்டேனுங்க. வந்து சேந்தது உறுதியாக ஒரு அரைமணி நேரம் ஆகுமுங்க. டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

அந்த அரைமணி நேரத்தில்தான் கெட்டது. டீயும் தேங்காய் பன்னும் வந்துவிட்டன. எதிரெதிரே உட்கார்ந்து பன்னைப் பிய்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருக்க எங்கள் பக்கத்து ஆட்களால் ஆகாது. மரியாதை இல்லாதவர்கள் என்று ஆகிவிடும்.

"ஏனுங்க, உங்களுக்குப் பொறந்த ஊரு எதுங்க?"

"மேட்டுப்பாளையத்துப் பக்கமுங்க." என் வாய் தானாகச் சொன்னது. பிறந்த ஊரைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

"அப்புடீங்களா! என்ன கூட்டமுங்க?"

கூட்டம் என்றால் எங்களில் குலம், அதையும் சொன்னேன். மனுஷர் எழுந்தே நின்றுவிட்டார். "நானும் அதே கூட்டந்தானுங்க! அப்ப நீங்க எனக்கு அக்கா ஆவோணுமுங்க. கட்டிக்குடுத்தது எங்கீங்க?"

"சூலூர்ப் பக்கமுங்க. தறி வெச்சிருக்கோம்."

"பச்சை இரும்புக் கேட்டுப் போட்ட குடோனுங்களா? அட, மாமனைப் போன மாசங்கூட ஒரு கல்யாணத்துல பாத்தேனுங்க!"

பேரைச் சொல்லக்கூடாது என்றாள், நான் சொல்லவில்லை. எங்களுக்குள் பேர் எதற்கு? ஊரும் கூட்டமும் தெரிந்தால் பாட்டன் வரைக்கும் பிடித்துவிடுவோம். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வெகுநாள் கழித்து என் பிறந்த வீட்டு ஆள் ஒருவரோடு பேசிய சந்தோஷம்தான் இருந்தது. பிறந்த வீட்டையும் நான் பார்த்து நாளாயிற்று. அவர் தன் கமிஷனைத் திருப்பி என் கையிலேயே வைத்தார். "ஒறவுன்னு ஆயிப்போச்சு, இனி உங்ககிட்டக் கமிஷன் வாங்குனா நல்லாவா இருக்கும்?" டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, மகள் சொன்னபடியே அவளுடைய முகவரிக்கு அனுப்பினேன். முகவரி என்றால் தெருவும் கதவு எண்ணும் இல்லை, தலைகால் புரியாத எழுத்துகள்தான். அவள் கூப்பிட்டபோது பெருமையாகச் சொன்னேன், "கமிஷன்கூட வாங்கல கண்ணு. நம்ம சொந்தமாப் போச்சு."

அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்பாவை அவருக்குத் தெரியுமாம்மா?"

"தெரியுமாம் கண்ணு. போன மாசங்கூட..." சொல்லச் சொல்லத்தான் எனக்கு உறைத்தது.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "செரிம்மா. நீ சாப்புட்டியா? மாத்திரை ஒழுங்காப் போடு" என்றாள். அவள் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான். அடுத்த வாரம் போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அந்த ஆப்பில் அவள் கணக்கே இல்லாமல் போயிருந்தது. அவளைக் குறை சொல்லமாட்டேன். சங்கதி அவள் அப்பா காதுக்குப் போனால், என் செல்லைப் பிடுங்கி அதை வைத்தே அவளைத் தேடிப் பிடித்துவிடுவார். வயிற்றுப் பிள்ளையோடு இன்னொரு தடவை ஓட முடியுமா?

சில வாரம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எதிரே வந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று வந்தவர் அவரிடம் விசாரித்தார். என்னைப் பார்த்து, முன்பின் தெரியாதவரைப் பார்ப்பது போல ஒரு கும்பிடு போட்டார், அவ்வளவுதான். அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இதை என் மகளுக்கு எப்படிச் சொல்வது? அந்த மனிதர் நல்லவர், பயப்படாதே, கூப்பிடு என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. அவளிடம் போக மிச்சமிருந்தது அந்த எழுத்து முகவரி ஒன்றுதான். அதில் காசு அனுப்பலாம், பேச முடியாது. ஆனால் அதில் எவ்வளவு இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தினமும் சமையல் முடித்துவிட்டுப் பார்ப்பேன். நான் அனுப்பியது அப்படியே கிடந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. என் காசைத் தொடக்கூடப் பயந்தாளோ என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அவளுக்கு மாசம் நிறைந்த சமயத்தில் ஒருநாள் காலை பார்த்தேன். முகவரி காலியாக இருந்தது. எல்லாவற்றையும் எடுத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குத்தான். வேறு எதற்கு எடுப்பாள்? இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு, வெல்லப்பாகு காய்ச்சிக் கச்சாயம் சுட்டேன். என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தவர் தட்டைப் பார்த்து, "என்ன விசேஷம்?" என்றார்.

"சும்மாதானுங்க" என்றேன்.

நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார். எதற்கென்று தெரியாமல் தின்றார். பேரனா பேத்தியா என்று தெரியாமல் நானும் ஒன்று தின்றேன்.