ஒத்தைச் சாட்சி

நேற்று சாயங்காலம் பேரன் செல்லை நீட்டினான். "தாதா, பிறை பாத்துட்டாங்களாம். நாளைக்குப் பெருநாள்." யார் பார்த்தது என்று கேட்டேன். "மெசேஜ் வந்துருக்கு" என்றான். பார்த்தவன் பேர் அதில் இல்லை.

அவனுக்கு வாங்கின சட்டை பெட்டியில் இருந்தது. ரெடிமேட். எடுத்து மோந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது. கிழவனுக்குக் கிறுக்கு என்று மருமகள் நினைத்திருப்பாள். புதுச்சட்டை என்றால் எனக்கு வேறு வாசனை. கரி இஸ்திரிப் பெட்டி, மிஷின் எண்ணெய், தண்ணீர் தெளித்த துணியில் சூடு படும்போது எழும்புகிற ஆவி. அது காசிம் கடை வாசனை.

காசிம் டெய்லர். செஞ்சி பஜாரில் மிஷின் போட்டிருந்தான். அறுபதுகளில் எங்கள் ரெண்டு பேருக்கும் இருபது வயசு இருக்கும். நான் கடலை மண்டியில் மூட்டை வாய் தைக்கிறவன். நானும் டெய்லர்தான் என்று சொல்லிக்கொள்வேன். உன் கோணி ஊசியை எடுத்துக்கொண்டு வா, மாட்டுக்குக் கோட்டு தைக்கலாம் என்பான். என்னைவிட ரெண்டு வகுப்பு கூடப் படித்தவன். அவன் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

எங்கள் ஊரில் பிறை பார்ப்பது லேசில்லை. வேறு ஊர்க்காரர்கள் பள்ளிவாசல் மாடியில் நின்றே பார்த்துவிடுவார்கள். எங்களுக்கு மேற்கே ராஜாக்கோட்டை மலை. தலைப்பிறை கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதையும் மலை மறைத்துக்கொள்ளும். அதனால் நோன்பு இருபத்தொன்பது அன்றைக்கு, கால் நல்லா இருக்கிற ரெண்டு பேரை ராணிக்கோட்டை மலைக்கு ஜமாஅத்தில் ஏற்றிவிடுவார்கள்.

மேகமூட்டம் என்றால் பெருநாள் பிறைக்கு ரெண்டு சாட்சி வேண்டும். தொழவைக்கிற அஜ்ரத்து அதை ஷஹாதத் என்பார். அல்லா ஒருவன் என்று சாட்சி சொல்கிறதுதான் கலிமா, அந்த வாயால் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பார். எனக்கு மார்க்கம் அதிகம் தெரியாது. இது மட்டும் மண்டையில் ஏறியிருந்தது.

அந்த வருசம் பொங்கலும் பெருநாளும் ஒட்டி வந்தன. காசிம் கடையில் வெட்டின துணி குவிந்து கிடந்தது. யார் கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கொண்டான். முடியாது என்று சொல்ல வராது அவனுக்கு. என் சட்டைத் துணியும் அந்தக் குவியலில்தான். நீலம்.

அந்தத் தடவை ஜமாஅத்தில் அனுப்பினது எங்கள் ரெண்டு பேரையும்தான். மலை ஏறும்போது சொன்னான். "டேய், பிறை ஒரு நாள் லேட்டா வந்தா இன்னா, கொறஞ்சா பூடும்?"

சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

மேலே உட்கார்ந்தோம். கீழே பாங்கு சொன்னார்கள். மைக் இல்லாத காலம். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் கேட்டது. ஒரு பேரீச்சம்பழத்தைப் பிட்டு ஆளுக்குப் பாதி வாயில் போட்டு நோன்பு திறந்தோம். மார்கழி மேகம், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு இடத்தில் கிழிந்தது. முதலில் பார்த்தது காசிம்தான். இதை எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன். என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அதோ பார்றா, ராஜாக்கோட்டை தோள்கிட்ட" என்றான். துணியில் ஒட்டின வெள்ளை நூல்துண்டு மாதிரி இருந்தது. ரெண்டு பேரும் கையேந்தி துஆ ஓதினோம். மேகம் மூடிக்கொண்டது.

இறங்கும்போது அவன் விடுவிடுவென்று முன்னால் போனான். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். எல்லாம் பிரியாணி பற்றித்தான்.

பள்ளியில் ஊரே காத்திருந்தது. அஜ்ரத்து என்னை முதலில் கேட்டார். கண்ணால் பார்த்தேன் என்றேன். பின்னால் யாரோ பெருநாள் தக்பீர் சொல்லவே ஆரம்பித்துவிட்டார். அப்புறம் காசிமைக் கேட்டார். அவன் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டான்.

"மேகந்தான் இருந்துது அஜ்ரத்து. எனக்கு ஒண்ணும் தெரியல."

இவன்தான் எனக்கே காட்டினான் என்றேன்.

"நான் எங்கடா காட்டுனேன்" என்றான். மெதுவாகச் சொன்னான், எனக்காக வருத்தப்படுகிறவன் மாதிரி.

கறிக்கடை பாய் ஒருத்தர், "பசிக் கண்ணுக்குப் பிறையும் தெரியும், பிரியாணியும் தெரியும்" என்றார். பள்ளியே சிரித்தது. அஜ்ரத்து சிரிக்கவில்லை. ஒத்தைச் சாட்சி செல்லாது என்றார். என்னைப் பார்த்து, "நீ பாத்தது உனக்கும் அல்லாவுக்கும். நாளைக்கு ஊரோட நோன்பு வை" என்றார்.

பெருநாளில் நோன்பு வைக்கிறது ஹராம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து நிய்யத்து வைக்க வாய் வரவில்லை. நிய்யத்து என்றால் மனசு நினைக்கிறது. மனசு பெருநாள் என்கிறது, வாய் நோன்பு என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அன்றைக்கு ஊரெல்லாம் நோன்பு இருந்தது. நான் பட்டினி கிடந்தேன்.

மத்தியானம் பஜார் வழியாகப் போனேன். காசிம் கடையில் எங்கிருந்தோ இரவல் வாங்கின இன்னொரு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்கு அடியில் நீலத் துணி. அவன் தலை நிமிரவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கொஞ்சம் மந்தம்.

பொழுது சாய்கிற நேரம் திண்டிவனம் பஸ்ஸிலிருந்து ஒருத்தர் இறங்கினார். புதுத் தொப்பி, அத்தர் வாசனை. "இன்னா பாய், உங்க ஊர்ல இன்னும் நோன்பா?" என்று கேட்டார். திண்டிவனத்து மேகம் வேறு, நம்ம மேகம் வேறு என்று சொல்லிவிட்டார் கறிக்கடை பாய். காசிமைக் கூப்பிட்டு ஒருத்தரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? பாதி ஊரின் சட்டை அன்றைக்கு அவன் தைத்தது.

மறுநாள் தொழுகை முடிந்து எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். காசிமும் வந்து கட்டிப்பிடித்தான். கையை என் தோளில் வைத்துத் தையலைத் தடவினான்.

"தோள் சரியா இருக்குதா?"

"இருக்குது" என்றேன். சரியாகத்தான் இருந்தது.

அதற்குமேல் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போச்சு. எனக்குப் பிறை என்று பேர் விழுந்தது. மூட்டையோடு தெருவில் நடந்தால், பிறை வந்துட்டான், நோன்பு திறங்கடா என்பார்கள். என்னை மறுபடி மலைக்கு அனுப்பவில்லை. அவனை அனுப்பினார்கள்.

போன வருசம் விழுப்புரத்தில் மகன் வீட்டில் காசிம் மவுத்தாகிவிட்டான். போனேன். கஃபன் துணிக்குத் தையல் கிடையாது. அப்படியே சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். ஜனாஸா தொழுகை முடிந்து, இவர் நல்லவர் என்று சாட்சி சொல்கிறீர்களா என்று கேட்டார் அங்கிருந்த அஜ்ரத்து. எல்லாரும் நல்லவர் என்றார்கள். நான் கீழே விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ராணிக்கோட்டைக்கு டிக்கெட் வாங்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். ஜமாஅத்தில் யாரையும் அனுப்புவதும் இல்லை. நேற்று மாடியில் போய் நின்றேன். பேரன் கீழேயிருந்து, அதான் மெசேஜ் வந்துட்டுதே தாதா என்றான். மேற்கே ராஜாக்கோட்டை நின்றது. அதற்கு அந்தப் பக்கம் பிறை இருந்திருக்கும். எங்கள் ஊரில் பார்த்தவன் ஒருத்தனும் இல்லை.