பி பக்கத்தில் ஜெபராஜ்

சென்னை அலுவலகத்துக்கு வந்த டிரங்க்காலில் பேசியது என் நண்பன் ஜெபராஜின் தங்கை ஸ்டெல்லா. "அண்ணன் காலைல போயிட்டாங்க. மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, பெறவு பாக்கலாம்னே சொல்லிட்டு இருந்தாங்க." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இருபத்தாறு வயது! 'பெறவு பாக்கலாம் மக்கா' என்று அவன் சொல்லி எங்களில் யார்தான் கேட்டதில்லை?

அன்றைய திருவனந்தபுரத்தில் பங்க் இசை வாசித்தவை, எங்களுக்குத் தெரிந்து, இரண்டே குழுக்கள். ஸ்ரீவராகத்தில் என்னுடைய 'லாஸ்ட் பெஞ்ச்', நேமத்தில் அவனுடைய 'பஞ்சர் டயர்ஸ்'. கிதாரில் மூன்றே கார்டு, தலைதெறிக்கும் வேகம், பஸ் ஸ்டாப்பில் திரும்பிப் பார்க்காத பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு. அவ்வளவுதான் எங்கள் சரக்கு. திருவிழாக்களில் சினிமாப் பாட்டுப் பாடும் கானமேளாக்காரர்கள் எங்களை மேடைப் பக்கமே விடவில்லை. ஆளுக்கொரு கேசட் போட வக்கில்லாததால், ஒரே கேசட்டை இரு குழுக்களும் பங்கிட்டுக்கொள்வது என்று முடிவானது. ஏ பக்கம் எங்களுக்கு, பி பக்கம் அவர்களுக்கு.

பதிவு நேமத்தில், அவன் வீட்டு முன்னறையில். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் அங்கே வோல்டேஜ் இறங்கிவிடும். அப்போது டேப் மெதுவாகச் சுற்றும். பதிந்ததைப் பிறகு நல்ல கரண்டில் போட்டால் கீச்சுக்குரலில் ஓடும். அதனால் மதியம் வரை நாங்கள், அதற்குப் பின் அவர்கள் என்று பேச்சு. நான் என்ன செய்தேன்? ஒரே ஒரு கிதார் வரி திருப்தியாகவில்லை என்று எட்டு முறை, ஒன்பது முறை வாசித்துக்கொண்டே இருந்தேன். அவனுடைய டிரம்மர் வாட்ச்சைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். ஜெபராஜ் மட்டும், "வாசிச்சு முடி சாமி. எனக்க பாட்டு என்ன, கரண்டு பாத்தா வரும்?" என்று பாலில்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தான். அவன் மைக் முன்னால் வந்து நின்றபோது பல்பு மங்கிவிட்டிருந்தது.

கேசட்டைப் போட்டுக் கேட்டபோது எல்லோரும் உருண்டு சிரித்தோம். அவனுடைய கனத்த குரல் எட்டு வயதுப் பையனின் குரலாகியிருந்தது. அவனும்தான் சிரித்தான். கேசட்டைக் கேட்ட கல்லூரிப் பையன்கள் "எந்தொரு ஸ்பீடாடா!" என்று மெச்சப்போக, அதற்குப் பிறகு எங்கே பாடினாலும் அதே வேகத்தில் மூச்சிரைக்கப் பாடினான். மறுபடி பதியலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் "பெறவு பாக்கலாம்". நானும் ஒருமுறைகூடப் பிடிவாதம் பிடிக்கவில்லை. என் பக்கம்தான் நன்றாக இருந்ததே! சென்னையில் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

நேமத்தில் அவன் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஸ்டெல்லா கேட்டாள். "அண்ணா, அண்ணன் சொந்தக் குரல்ல பாடுனது எங்கயாவது இருக்கா? அம்மா கேக்காங்க."

இல்லை. இருப்பது பி பக்கம் மட்டும். என் கிதார் வரியை இன்று கேட்டால், அப்படி எதைத் திருத்தினேன் என்று எனக்கே விளங்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது, அவன்மேலும் என்மேலும்.

அந்த வீட்டு டேப்ரிக்கார்டரின் மூடியைத் திறந்துவைத்து, பி பக்கம் ஓடுகிற கேசட்டின் இடப்பக்கச் சக்கரத்தைப் பெருவிரலால் லேசாக அழுத்திப் பார்த்தேன். குரல் இழுத்தது, நடுங்கியது, மெல்லக் கீழே இறங்கியது. ஜெபராஜ் பாடினான்.

அவன் அம்மா உள்ளறையிலிருந்து ஓடிவந்தார். "வெரலை எடுத்திராத மக்கா," என்றார்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குரல்தான். விரல் வலிக்க வலிக்க அழுத்திக்கொண்டிருந்தேன்.